உருக்கிப் பார்த்த மருந்து

ராசிபுரம் கடைத்தெருவில் தண்டாயுதபாணியிடம் நெய் விற்பதும் ஒன்று, போலீஸ் கச்சேரியில் சாட்சி சொல்லப் போவதும் ஒன்று. சந்தை நாளில் பட்டிகளிலிருந்து நெய் சுமந்து வரும் பெண்கள் அவர் கடை வாசலில் குந்தியிருந்து, தங்கள் முறை வருவதற்குள் தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டு முடித்துவிடுவார்கள். மனிதர் முதலில் ஒரு துளியைப் புறங்கையில் தேய்த்து மோந்து பார்ப்பார். அப்புறம் கரண்டியில் கொஞ்சம் எடுத்துக் கரியடுப்பின் மேல் பிடித்து உருக்குவார். நுரை எப்படிக் கட்டுகிறது, அடியில் என்ன தங்குகிறது, எல்லாம் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார்.

"ஏம் ராமாயி, இதுல என்னத்தக் கலந்த?"

"சாமி சத்தியமா ஒண்ணுமில்லீங்க. என்ற எருமை குடுத்ததுங்க. ரொம்ப சூடு பண்ணாதீங்க, மணம் போயிருமுங்க."

"சூடு பண்ணாதீங்கன்னு சொன்னாவே எனக்குத் தெரியும். போயி எருமையக் கூட்டியா, அதையே கேட்டுக்கறேன்."

சேலத்தில் வனஸ்பதி டின் டின்னாக வந்து இறங்க ஆரம்பித்த காலம் அது. ஏற்கெனவே இருந்த சந்தேகப் புத்திக்கு அந்த டின்கள் கொம்பு சீவி விட்டன. பால்காரனைச் சந்தேகப்படுவார், வண்டிக்காரனைச் சந்தேகப்படுவார், எதிர்க்கடை வீரபாகு தும்மினால்கூட அது யாருக்கோ கொடுத்த சாடையாக இருக்கும் என்பார். வீட்டுக்காரி தெய்வநாயகி காப்பி கொடுத்தால் அதையும் ஒரு தரம் மோந்துவிட்டுத்தான் குடிப்பார்.

"ஏனுங்க, தாலி கட்டறப்ப என்னையாச்சும் உருக்கிப் பாக்காம உட்டீங்களே, அந்த மட்டுக்கும் புண்ணியம்" என்பாள் அவள்.

இப்பேர்ப்பட்ட மனிதர் உலகத்தில் சந்தேகப்படாத உயிர் ஒன்றே ஒன்று உண்டு. அது செம்பி. சூரமங்கலத்தில் ஓர் இன்ஜின் டிரைவர் வீட்டிலிருந்து குட்டியாக வந்த நாய். செம்பட்டை நிறம், தொங்கின காது, வயதும் ஆகிவிட்டது. நெய்க் கிடங்கின் வாசலை அடைத்துப் படுத்திருக்கும். நெய் காய்ச்சின கசண்டைச் சோற்றில் பிசைந்து அவரே ஊட்டுவார். சோற்றைத் தின்ற பிறகு அவர் புறங்கையையும் ஒரு நக்கு நக்கும். "நெய்யி நல்லாருக்குதான்னு கேக்கறேன், பொய் சொல்லாம தலையாட்டுது பாரு" என்று பெருமைப்படுவார்.

அந்த வருஷம் மாசி மாதம் கிடங்கு வாசலில் எறும்பு வைக்க ஆரம்பித்தது. கழுவிவிட்டாலும் மறுநாள் வரிசை கட்டி நிற்கும். நெய்க் கிடங்கில் சர்க்கரை எறும்புக்கு என்ன வேலை? வீரபாகுதான் ஆள் விட்டுப் பாகு ஊற்றுகிறான், நெய்யில் நான் வெல்லம் கலக்கிறேன் என்று ஊரில் என் பேரைக் கெடுக்கப் பார்க்கிறான் என்று முடிவு கட்டி, கதவிடுக்கில் ஒளிந்து உட்கார்ந்து காவல் காத்தார். கடைசியில் பிடிபட்டது வீரபாகு இல்லை. செம்பி வந்து, நிலைப்படி ஓரமாகக் குந்தி மூத்திரம் பெய்துவிட்டுப் போயிற்று. அதில்தான் எறும்பு மொய்த்தது.

அப்போதுதான் மனிதருக்கு மற்றதெல்லாம் உறைத்தது. கல்தொட்டித் தண்ணீரை செம்பி ஒரே மூச்சில் காலி பண்ணிவிடுகிறது. சோறும் முன்னைவிட அதிகம் தின்கிறது. ஆனாலும் விலா எலும்பு தெரிகிறது. வேறென்ன, எவனோ மருந்து வைத்துவிட்டான்! அதை நிரூபித்துக் கேஸ் போடுவதற்காகவே செம்பியைத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினார்.

அங்கே புதிதாக வந்திருந்தவர் டாக்டர் கைலாசம். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், மெதுவாகப் பேசுவார். செம்பியின் மூத்திரத்தைப் பிடித்துவரச் சொல்லி, ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு சேர்த்து, ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் காய்ச்சினார். நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, கடைசியில் செங்கல் பொடி கரைத்ததுபோல் நின்றது.

தண்டாயுதபாணி வாயைப் பிளந்தார். ஆகா, இந்த மனுசனும் உருக்கிப் பார்க்கிற கட்சி! அந்த ஊரில் முதல் தடவையாக ஒருவர்மேல் அவருக்கு மரியாதை வந்தது.

"விஷமெல்லாம் இல்லை. இது நீரிழிவு" என்றார் டாக்டர். "இரைப்பைக்குப் பக்கத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதில் ஊறுகிற சாறு இருந்தால்தான் சர்க்கரை உடம்பில் ஒட்டும். இதற்கு அந்த ஊற்று வற்றிவிட்டது. அதே சாற்றை மாட்டின் சுரப்பியிலிருந்து எடுத்துப் பாட்டிலில் அடைத்து அனுப்புகிறார்கள். இன்சுலின் என்று பேர். காலையும் மாலையும் ஊசி போட வேண்டும். ஆயுசுக்கும் போட வேண்டும்."

"போடாட்டிங்க?"

"நாய் தாங்காது."

மெட்ராசுக்கு எழுதி மருந்து வரவழைத்தார்கள். பாட்டில் ஆஸ்பத்திரியிலேயே இருந்தது. கம்பவுண்டர் குழந்தைவேல் இரண்டு வேளையும் மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டு வந்து செம்பியின் பிடரித் தோலைத் தூக்கிக் குத்திவிட்டுப் போவான். திருச்செங்கோட்டுக்காரன், சிரித்த முகம். அந்தச் சிரிப்பே தண்டாயுதபாணிக்குப் பிடிக்கவில்லை. நாய்க்கு ஊசி போடுகிறவனுக்கு என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது? ஆனாலும் செம்பி தேறிற்று. தொட்டித் தண்ணீர் அப்படியே நின்றது, எறும்பு போன இடம் தெரியவில்லை. குழந்தைவேல் குழாயைக் காய்ச்சிக் காட்டினால் நீலம் நீலமாகவே இருந்தது. செம்பியின் கண்ணில் மட்டும் லேசாகப் பூ விழுந்திருந்தது. அது திரும்பாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

சித்திரையில் திருச்செங்கோட்டுப் பக்கம் மாடுகளுக்கு வெக்கை நோய் கண்டு, டாக்டர் முகாம் போட வேண்டி வந்தது. புறப்படுகிற அன்றுதான் இரண்டாவது பாட்டில் வந்து சேர்ந்தது. ஆஸ்பத்திரிக்குத் தகரக் கூரை, உள்ளே அனல் அடிக்கும். அதனால் பாட்டிலை நெய்க் கிடங்கிலேயே ஈர மணல் சட்டியில் புதைத்து வைக்கச் சொன்னார். "கொஞ்சம்கூடச் சூடு படக்கூடாது, ஞாபகம் இருக்கட்டும்" என்று குழந்தைவேலிடமும் சொன்னார், இவரிடமும் சொன்னார்.

சூடு படக்கூடாதா? அங்கேதான் நம்மவருக்கு உள்ளே மணி அடித்தது. இத்தனை வருஷத்தில் சூடு பண்ணாதீங்க என்று சொன்னவர்களில் பாதிப்பேர் கலப்படக்காரர்கள். டாக்டர் நல்லவர்தான், உருக்கிப் பார்க்கிறவர். ஆனால் பாட்டிலை ரயிலடியிலிருந்து எடுத்து வந்தது யார்? அந்தச் சிரிப்பாணிதானே? வழியில் நல்ல மருந்தை எவனுக்காவது ஊற்றிக் கொடுத்துவிட்டு இதில் தண்ணீரை நிரப்பியிருந்தால் யாருக்குத் தெரியும்?

மறுநாள் மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து, பாட்டிலைத் தோண்டி எடுத்தார். ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தி ஒரு துளி எடுத்துப் புறங்கையில் தேய்த்து மோந்தார். ஆஸ்பத்திரி வாடை லேசாக அடித்தது. ஓகோ, என் மூக்கை ஏமாற்ற ஒரு சொட்டு பினாயில் விட்டிருக்கிறான்! அப்புறம் கரியடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்து, பாட்டிலை அதற்குள் இறக்கினார்.

உள்ளே வந்த தெய்வநாயகி பார்த்துவிட்டாள். "ஏனுங்க, அது மருந்துங்க! சூடு ஆகாதுன்னு டாக்டரு சொன்னாருங்களே!"

"நீ சும்மா இரு. நெசமானது எதுவும் தீக்குப் பயப்படாது."

பாட்டில் நன்றாகக் கொதித்தது. நுரை இல்லை, நிறம் மாறவில்லை, அடியிலும் ஒன்றும் தங்கவில்லை. தண்ணீரேதான்! ஆனால் உடனே சத்தம் போட்டால் திருடன் தப்பித்துக்கொள்வான். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று பாட்டிலை ஆறவைத்து மணலில் புதைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டார்.

குழந்தைவேல் வழக்கம்போல வந்து ஊசி போட்டான். செம்பி மறுபடியும் தொட்டியைக் காலி பண்ண ஆரம்பித்தது. எறும்பு வந்தது. குழாயில் செங்கல் நிறம் வந்தது. "என்னன்னே தெரியலீங்களே மொதலாளி, நல்லாத்தான இருந்துச்சு" என்று குழந்தைவேல் தலையைச் சொறிந்தபோது, "அப்படியா?" என்று மட்டும் கேட்டார். அவன் புதுக்குடை ஒன்று வாங்கியிருந்தான். கம்பவுண்டருக்குப் புதுக்குடை எங்கிருந்து வரும்? செம்பியின் கண் பால் ஊற்றினதுபோல் வெளுத்தது. நடந்தால் டின்னில் இடித்துக்கொண்டது. பிறகு சோற்றையும் தொடாமல் விட்டது. அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது அவருக்கு. அத்தனை எரிச்சலும் குழந்தைவேல்மேல்தான் போயிற்று.

சந்தை நாளன்று டாக்டரை ஆள் அனுப்பி வரவழைத்தார். கடை வாசலில் நெய்க்காரிகள் கூட்டம். எதிர்க்கடையில் வீரபாகு.

"இந்தத் திருட்டுப் பய மருந்த வித்துப்போட்டுத் தண்ணிய ஊத்திக் குத்தறானுங்க!" என்று தெருவே கேட்கக் கத்தினார்.

குழந்தைவேலின் முகத்திலிருந்து சிரிப்பு உதிர்ந்துவிட்டது. "சாமி சத்தியமா இல்லீங்க" என்றான். ராமாயி சொன்ன அதே சொல்.

டாக்டர் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே சிலந்தி நூல்போல ஏதோ மிதந்தது. "இது தண்ணீர் இல்லை. நல்ல மருந்துதான். சூடு பட்டுச் செத்துப்போயிருக்கிறது" என்றார். பிறகு கம்பவுண்டரைப் பார்த்தார். "ரயிலடியிலிருந்து வரும்போது வெயிலில் வைத்தாயா?"

"ஐஸ் கரையறதுக்கு முன்னாடியே கொண்டாந்துட்டனுங்க ஐயா."

"பாட்டில் உன் பொறுப்பு குழந்தைவேல். நான் மேலே எழுதாமல் இருக்க முடியாது. வேலை இருக்குமா என்று எனக்குத் தெரியாது."

குழந்தைவேல் புதுக்குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான்.

தண்டாயுதபாணி கேட்டது கிடைத்துவிட்டது. திருடன் பிடிபட்டான், ஊரே பார்த்தது. ஆனால் கரியடுப்பில் கொதித்த பாட்டில்தான் அவர் கண்முன் நின்றது. கதவுக்குப் பின்னால் தெய்வநாயகி நின்றாள். அவரையேதான் பார்த்தாள். இப்போது சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. இவள் சொல்ல மாட்டாள். என்ன ஆகிவிடும்? ஒரு கம்பவுண்டர் போனால் வேறொருவன் வருவான்.

அந்தச் சமயத்தில் செம்பி உள்ளேயிருந்து வந்தது. அவர் குரல் கேட்ட திசையை வைத்துக்கொண்டு, டின்னில் இடித்து, நிலைப்படியில் தடுக்கி, அவர் காலடியில் வந்து விழுந்தது. தொங்கிக்கொண்டிருந்த அவர் புறங்கையை மூக்கால் தேடிப் பிடித்து நக்கிற்று.

"நாந்தானுங்க காச்சுனேன்" என்றார் தண்டாயுதபாணி.

யாருக்கும் புரியவில்லை. அவர் இன்னும் சத்தமாகச் சொன்னார்: "நாந்தானுங்க! கலப்படமான்னு பாக்க, கொதிக்கிற தண்ணியில போட்டு இந்தக் கையாலயே காச்சுனேன். அவன் ஒண்ணும் பண்ணலீங்க. என்ற புள்ளைய நானே கொன்னுட்டேன்." கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். நெய்க்காரிகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வீரபாகு அதைப் பார்த்துக்கொண்டிராமல் எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த ஒரு காரியத்துக்காக அவரைப் பின்னாளில் தண்டாயுதபாணி சந்தேகப்படவே இல்லை.

அழுகை ஓய்ந்ததும் குழந்தைவேல்தான் பேசினான். "ஏனுங்க மொதலாளி, மனசுல பட்டத என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்லங்க?" அவ்வளவுதான் கேட்டான். கேட்டுவிட்டு, அன்று சாயங்காலமே சேலத்துக்குப் பஸ் ஏறி, ரயில்வே ஆஸ்பத்திரியில் தெரிந்தவர் கையைக் காலைப் பிடித்து வேறொரு பாட்டில் வாங்கி வந்தான், ஈரத்துணியில் சுற்றி, வழியெல்லாம் புதுக்குடையின் நிழலிலேயே பிடித்துக்கொண்டு.

செம்பி பிழைத்தது. கண் மட்டும் சுத்தமாகப் போய்விட்டது. கண் போன பிறகு அதன் குணமும் மாறிற்று. காலடிச் சத்தம் எது கேட்டாலும் உறுமும், பல்லைக் காட்டும், அவரானாலும் சரி. காலையில் குழந்தைவேல் ஊசியோடு வந்து நிற்க, தண்டாயுதபாணி தரையில் மண்டியிட்டுப் புறங்கையை நீட்டுவார். செம்பி உடனே நம்பிவிடாது. மோந்து, தள்ளிப் போய், மறுபடி வந்து மோக்கும்.

"நாந்தான் சாமி, நாந்தான்" என்பார் அவர். அது நம்புகிற வரைக்கும் கையை எடுக்க மாட்டார்.