மூடி போடாத பிக்கப்

போன கிழமை எங்கள் வேலியைப் பார்த்து ஒரு நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வார்? வேலி முழுக்க மழையில் நனைந்த சேலை. கிணற்றுக் கட்டில் சட்டை தைக்கிற சேட்டுத் துணி. மாமரக் கொப்பில் பள்ளிக்கூடச் சீருடைக்கான வெள்ளைத் துணி. அதுவும் முழு வெள்ளை இல்லை. பக்கத்தில் கிடந்த சிவப்புச் சேலையின் புண்ணியத்தில் பாதி ரோஸ் நிறம்!

“பிக்கப்புக்கு மூடி போடப்போறன் எண்டு ஐப்பசியிலயே பெரிசாச் சொன்னீங்களே... போடல்லையா?” என்றார்.

போடவில்லை. ஏன் போடவில்லை என்று அவருக்கு அரைகுறையாகச் சொல்லி அனுப்பினேன். உங்களுக்கு முழுக்கதையும் சொல்கிறேன்.

என் மனைவி மலருக்குத் துணி வியாபாரம். மட்டக்களப்பு டவுனில் எடுத்து வந்து களுவாஞ்சிக்குடிச் சந்தையில் விற்பாள். நான் டிரைவர். எழுத்தாளர் என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள்; வீட்டில் எனக்கு இந்தப் பதவிதான்.

எங்கள் பிக்கப் கிழடு. பின்பெட்டி திறந்தது. மழை வந்தால் மேலே படங்கைப் போட்டுக் கயிற்றால் கட்டுவோம். கட்டுவது பெரிய காரியமில்லை. கல்லடிப் பாலத்து ஆமிச் சென்ட்ரியில் சோதனைக்கு அதை அவிழ்த்துக் காட்ட வேண்டும். திரும்பக் கட்டிக்கொண்டு அடுத்த சென்ட்ரிக்குப் போனால், அங்கேயும் அவிழ்க்க வேண்டும். சொல்லிவைத்தாற்போல மழை பிடித்துக் கொட்டுகிற நேரத்தில்தான் அவிழ்க்கச் சொல்வார்கள்!

ஐப்பசியில் ஒருநாள் அப்படி அவிழ்த்துக் கட்டி, அவிழ்த்துக் கட்டி வீடு வந்து சேர்ந்தபோது துணிக்கட்டுகளைப் பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வரும் போலிருந்தது.

“பெட்டிக்கு நல்ல மூடி ஒண்டு போடுங்க. இல்லாட்டி நான் இனிச் சாமான் ஏத்த மாட்டன்” என்றாள் மலர். தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. அப்பீல் உண்டா என்ன?

டவுனில் லொறிக்குப் பொடி, அதாவது பின்பெட்டி, கட்டுகிற மேஸ்திரி வின்சன்ட் பாஸிடம் போனேன். பறங்கியர், பழைய போர்த்துக்கீசர் வழி. கதைக்கத் தொடங்கினாரென்றால், ஓங்கிய சுத்தியல் கதை முடியும்வரை அந்தரத்திலேயே நிற்கும்.

“பலகை மூடி போட்டாச் செலவு குறைவு. ஆனா மாரிக்கு ஊதும். ஊதினாத் திறக்க ஏலா. சென்ட்ரியில திறக்க ஏலாமப் போனா உங்கட கதி என்ன?”

என் கதியை நினைத்துப் பார்த்தேன். பலகை வேண்டாம்.

“ஃபைபர் கூடு எண்டா உயரமா, வடிவா இருக்கும். அது கொழும்பில இருந்து வரணும். வந்து சேரக்குள்ள உங்கட பிக்கப் இருக்குமோ தெரியா...”

இது கொஞ்சம் ஓவர். ஆனாலும் பொறுத்துக்கொண்டேன்.

“நான் சொல்றதைக் கேளுங்க. தட்டையா ஒரு அலுமினிய மூடி. சுத்திவர ரப்பர். ஒரு பூட்டு. ஒரு சொட்டுத் தண்ணி இறங்காது. சென்ட்ரியில ஒரு கையால தூக்கிக் காட்டிப்போட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம்.”

ஒரு கையால் தூக்கிக் காட்டலாம்! அந்த ஒரு வசனத்தில் நான் தொபுக்கென்று விழுந்தேன். பாஸ் அளவெடுத்தார். நான் ராஜா மாதிரி ஊருக்குத் திரும்பினேன்.

செய்தி எனக்கு முன்னாலேயே ஊருக்கு வந்துவிட்டது. எப்படி? அதைக் கண்டுபிடிக்கிறவருக்குத் தனியாகப் பரிசு கொடுக்கலாம்.

முதலில் வந்தவர் வயல்காரர் தங்கராசா அண்ணன். பிக்கப்பை ஒரு சுற்றுச் சுற்றினார். “என்னகா தம்பி, மூடி பாரமாமே? வட்டைப் பாதையில புதைஞ்சா ஆர் தள்ளுற?”

சேலையையும் சேட்டுத் துணியையும் நான் எதற்கு வயலுக்குக் கொண்டுபோகப் போகிறேன்? கேட்கவில்லை. மரியாதைக்குத் தலையாட்டினேன்.

அடுத்தவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். “அலுமினியம் வெயிலுக்குக் கொதிச்சு, உள்ளுக்கக் கிடக்கிற துணியெல்லாம் வெந்துபோகுமாம். விசாரிச்சிங்களா?” அவர் இதைக் கேட்டபோது மழை பெய்துகொண்டிருந்தது. குடைக்குள் நின்றுதான் கேட்டார்.

மூன்றாவதாகப் பாக்கியம் மாமி. மலருக்குச் சின்னம்மா முறை. அதனால் எனக்கு மாமி. அடுத்த வளவு வீடு. கையில் ஒரு முட்டித் தயிரோடு வந்தார். “வாவிக் கரையில உப்புக்காத்து மருமகன். அலுமினியம் பொருக்கு விட்டுப்போகுமாம். நமக்கு அது சரிவராது.” தயிரை வைத்துவிட்டுப் போனார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனிதன் தன் சொந்த வாகனத்துக்கு ஒரு மூடி போடக்கூடாதா? ஊருக்கே ஏன் வயிறு எரிகிறது? “பொறாமை! சுத்தப் பொறாமை!” என்று மலரிடம் கத்தினேன். அவளோ அந்தத் தயிர் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பின்னேரம் மாமி திரும்ப வந்தார். இந்தமுறை உட்கார்ந்தார்.

“மூடியைத் தையில போட்டா என்ன மருமகன்? பொங்கலுக்குப் புதுசாவும் இருக்கும்.”

“மாரி முடிஞ்ச பிறகு மழைக்கு மூடி போட்டு என்ன மாமி செய்யிற?”

மாமி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், திரும்பச் சுற்றினார்.

மலர்தான் கேட்டாள். “சின்னம்மா, வாணிக்கு எப்ப எண்டு சொன்னாங்க?”

“மார்கழிக் கடைசி எண்டாங்க மகள்.”

அப்போதுதான் என் மண்டைக்குள் விளக்கு எரிந்தது. அதுவும் மெதுவாக.

வாணி, மாமியின் ஒரே மகள். தலைப்பிரசவம். மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை. எங்கள் பக்கத்தில் பெண் கல்யாணம் முடித்தும் தாய் வீட்டில்தான் இருப்பாள். ஆகவே எல்லாப் பொறுப்பும் மாமியின் தலையில். ஊரில் அம்புலன்ஸ் கிடையாது. பஸ் வந்தால் வரும். ஹர்த்தால் என்றால் அதுவும் வராது. அவசரத்துக்கு ஒரு நோயாளியை நீட்டிக் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட இந்த ஊரில் இருக்கிற ஒரே இடம் எது? என் பிக்கப்பின் பின்பெட்டி! தட்டை மூடியை இறுக்கிவிட்டால் அதில் ஆளைக் கிடத்த ஏது இடம்?

தங்கராசா அண்ணனின் தகப்பன் நெஞ்சுவலியோடு போனது அதில்தான். மனேஜரின் மகன் காய்ச்சலில் வலிப்பு வந்து விறைத்தபோது கிடந்ததும் அதில்தான். என் மரமண்டைக்கு மட்டும் அது துணி ஏற்றுகிற பெட்டி.

போடாதே என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. வாகனம் உன்னுடையது, மூடியும் உன்னுடையது... எப்படிச் சொல்வது? அதனால் வயல் பாதையின்மேல் பழியைப் போட்டார்கள். வெயிலின்மேல் போட்டார்கள். உப்புக்காற்றின்மேல் போட்டார்கள். எங்கள் ஊரில் எதையும் நேராகக் கேட்டுப் பழக்கமில்லை.

எனக்கு உடனே ஒரு யோசனை உதித்தது. “அப்ப பாஸ் சொன்ன உயரக் கூட்டையே போடுவம் மாமி! உள்ளுக்க மெத்தை விரிச்சா வாணி நனையாமப் போகலாம்.” என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மாமி பாவமாகப் பார்த்தார். “கூட்டுக்குள்ள கிடத்தினா ஆருக்குத் தெரியும் மருமகன்? ஹர்த்தாலில றோட்டை மறிக்கிற பெடியன்கள், பிள்ளைத்தாச்சியைக் கண்ணால கண்டாத்தான் விடுவாங்க. சென்ட்ரியிலயும் அப்படித்தானே? மூடின வாகனம் வந்தாத் துவக்கை நீட்டிக்கிட்டுத்தான் நிப்பாட்டுவானுகள். கிடக்கிறது வெளியால தெரியணும்.”

என் மெத்தை யோசனையைச் சுருட்டி வைத்தேன்.

உள்ளே இருப்பது தெரியாமல் இருக்கத்தானே உலகத்தில் எல்லாரும் மூடி போடுகிறார்கள்? இங்கே தெரிந்தால்தான் வழி. ரப்பர், பூட்டு, ஃபைபர் என்று அலசிய நானும் பாஸும் இதை மட்டும் அலசவில்லை.

மலரைப் பார்த்தேன். மார்கழிதான் அவளுடைய சீஸன். பள்ளிக்கூடம் தொடங்கமுன் சீருடைத் துணி விற்கிற காலம். அதுவும் மழை வெளுத்து வாங்குகிற காலம். மூடி கேட்டவளே அவள்தான்.

“துணி நனைஞ்சா காயும்” என்றாள் மலர். “பாஸிட்டச் சொல்லுங்க, மூடி மறுகா ஒருநாள் பாப்பம் எண்டு.”

மாமி அழுதார். பிறகு ஞாபகம் வந்தவர்போல, “தயிர் புளிச்சிருக்குமே, சாப்பிட்டிங்களா?” என்று கேட்டார்.

மார்கழிக் கடைசி என்று சொன்ன பிள்ளை அவ்வளவு காத்திருக்கவில்லை. ஒரு ஹர்த்தால் நாளின் காலையில், மழையோடு மழையாக, மாமி வேலியைத் தாண்டி ஓடி வந்தார். விசாரிக்கவே தேவையிருக்கவில்லை. பெட்டியில் மெத்தையைப் போட்டோம். வாணியின் தலை மாமியின் மடியில். மலர் குடை பிடித்தாள். அந்தக் குடையைக் காற்று முதல் வளைவிலேயே பறித்துக்கொண்டு போய்விட்டது.

றோட்டில் மரக்குற்றி. அங்காலே எரித்துப்போட்ட ரயர். பெடியன்கள் கைகாட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். வாணியின் முகத்தைக் கண்டார்கள். உடனே குற்றியை உருட்டினார்கள். ஒவ்வொரு தடையிலும் இதேதான். பாலத்துச் சென்ட்ரியில் துவக்கோடு வந்த சிப்பாய் பெட்டிக்குள் ஒரு பார்வை பார்த்தான். “யன்ன! யன்ன!” போ, போ என்று அவனே முன்னால் ஓடித் தடையைத் தூக்கினான்.

நான் பயந்தேன். வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை. பின்னால் வாணி முனகுவது கேட்கும்போதெல்லாம் குழி பார்த்து விலத்தி விலத்தி ஓட்டினேன். மூடி இருந்திருந்தால்... முதல் மரக்குற்றியிலேயே நான் நியாயம் பேசிக்கொண்டு நின்றிருப்பேன்.

பெண்பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று நான் அழுதேன். பார்த்தவர்களிடம் மழையில் நனைந்த தடிமன், மூக்கு ஒழுகுகிறது என்றேன்.

வாணியும் பிள்ளையும் முன்சீட்டில் வீடு வந்து சேர்ந்தார்கள். இனி என்ன தடை? மழையும் விட்டபாடில்லை, வேலியைத்தான் நண்பர் பார்த்தாரே. அடுத்த கிழமை வருகிறேன், மூடியைச் செய்து வையுங்கள் என்று பாஸுக்கு ஆள் அனுப்பினேன்.

நேற்றுப் பின்னேரம் வாசல் படலையடியில் பின்வளவுக் கந்தசாமி அண்ணன். கிரிக்கெட் தவிர வேறெதுவும் என்னோடு கதைத்திராத மனிதர். பிக்கப்பின் ஓரத்தைத் தடவினார். தொண்டையைச் செருமினார்.

“தம்பி... மூடி போட்டாப் பெட்டிக்குக் காத்துப் படாதாமே? காத்துப் படாட்டித் தகரம் உக்கிப்போகுமாம்...”

“உள்ளுக்க வாங்க அண்ணன்” என்றேன். “மகளுக்கு இது எத்தினையாம் மாசம்?”