வெறும் வலைக்கும் கணக்கு உண்டு

தூத்துக்குடிக் கடலில் மீன் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, ஆய்வுக் கப்பல் திங்கட்கிழமை மறுபடி வலை இழுக்கிறது. மீன்வளத் துறை அலுவலகம் இன்று உறுதிசெய்தது.

காலையில் கழுகுமலை பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு விசைப்படகு முதலாளி வந்து உட்கார்ந்தார். தீப்பெட்டித் தொழிலில் சம்பாதித்துப் படகு வாங்கியவர்.

பத்து வருடத்துக்கு முன் இதே ஆய்வில், தன் செல்வாக்கால், மீன் கூடும் இடங்களில் மட்டும் வலையை இறக்கவைத்தவர் அவர். கடல் நிறைய மீன் என்று அறிக்கை வந்தது, படகுகள் பெருகின. வெறும் வலையாக வரும் இடங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று இந்தப் பத்திரிகையில் எழுதினேன்.

"கரிசக்காட்டு ஆளுக்குக் கடலப் பத்தி என்ன தெரியும்?" என்று பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லி, என்னைப் பருத்தி விலை எழுத அனுப்பிவைத்தார்.

இன்று குரல் தணிந்திருந்தது. "அண்ணாச்சி, மீனே இல்ல. நிவாரணம் கேட்டிருக்கோம். வெறும் வலையையும் கணக்குல சேக்கணும்னு எழுதுங்க."

"எழுதுதேன், மொதலாளி. அன்னைக்கு நீங்க செஞ்சதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடுதேன்."

பஸ் கோவில்பட்டிக்கு வந்தது; அவர் எழுந்தார். இறங்கும்போது, "வியாழக்கிழமை தாரேன்" என்றார்.

பத்து வருடம் பருத்தி விலை எழுதியவனுக்கு வியாழக்கிழமை தூரமில்லை. வாசகர்களே, கையெழுத்துப் போட்டுத் தருவாரா, மாட்டாரா? அஞ்சலட்டையில் எழுதுங்கள்.