தங்கைக்குக் கொண்டுபோன அரிசி

அந்த வருடம் பொங்கலுக்கு நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் வாய் கசக்கிறது.

திருத்துறைப்பூண்டி பக்கம் எங்களுக்கு ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர். தங்கையை நாகூருக்கு அருகே கட்டிக் கொடுத்திருந்தோம். அவள் கணவர் துபாயில். அப்பா இருந்தவரை அவளுக்குப் பொங்கல் வரிசையாக எங்கள் வயல் பச்சரிசிதான் போகும். சாப்பாட்டு நெல்லை எடுத்து வைத்த பிறகுதான் அப்பா மிச்சத்தை விற்பார். அப்போது இரண்டு மூட்டை விற்றால் மாத மளிகை முழுதும் வீடு வந்து சேரும். நான் இரண்டு மூட்டை விற்றால் எண்ணெய், பருப்பு, சிலிண்டரோடு தீர்ந்துவிடுகிறது. அதனால் அந்தக் குறுவை அறுவடையில் ஒரு மணி மிச்சம் வைக்காமல் விற்றேன். அறுவடை மெஷினிலிருந்து நேராக லாரிக்குப் போனது. எங்கள் சாப்பாட்டுக்குக் கடை அரிசி.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு கடையில் தயங்கித் தயங்கிப் புதுப் பச்சரிசி கேட்டேன்.

"புது அரிசி யாருண்ணே வாங்குறா? கொழஞ்சு போவுதுன்னு திருப்பிக் கொண்டாந்துடுறாங்க. பழசுதான் இருக்கு. வெல கூட."

நான் நெல் விற்ற விலையைப் போல மூன்று மடங்கு. பேரம் பேசவும் எனக்கு வராது. பத்துக் கிலோ பை ஒன்று வாங்கினேன். அதன்மேல் பச்சை வயலும் சிரிக்கும் விவசாயியும் அச்சடித்திருந்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அதைவிட அருவருப்பு அடுத்து நான் செய்தது. அரிசியைத் துணிப்பையில் கொட்டி, மாட்டுக்கு வைத்திருந்த தவிட்டில் இரண்டு கை அள்ளிப் போட்டுக் கலந்தேன். வீட்டு அரிசி மாதிரி தெரிய வேண்டுமாம்.

தங்கையின் மாமியார் பையைப் பிரித்து, ஒரு கை அள்ளி ஊதினார். தவிடு பறந்தது. அரிசி பளபளவென்று நின்றது.

"ஏன் தம்பி, தவிடு தனியா இருக்கு, அரிசி தனியா இருக்கு. உங்க வயல்ல பாலீஷ் போட்டே வெளையுதா?"

பக்கத்தில் நின்ற அவர் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தங்கையின் முகம் சுண்டிப்போயிற்று. கணவன் இல்லாத அந்த வீட்டில் அவள் நிமிர்ந்து பேச இருந்த ஒரே பிடி பிறந்த வீட்டு வரிசைதான்.

"மில்லுல மாத்திக் குடுத்துட்டாங்க போல அத்த. அண்ணன் வாயத் தொறந்து கேட்டிருக்காது" என்றாள்.

எனக்காக அவள் சொன்ன பொய்க்கு நான் தலையாட்டினேன்.

பஸ் ஏற்ற வந்தவள் மெதுவாகச் சொன்னாள்: "இதே அரிசிதாண்ணே எங்க வீட்லயும் வாங்குறோம். ஒரு படி போதும், நம்ம வயல்லேந்து கொண்டா. இல்லன்னா கரும்போட நிறுத்திக்க."

பஸ்ஸில் பார்த்தேன், நகக்கண்ணில் இன்னும் தவிடு. சுரண்டச் சுரண்டப் போகவில்லை.

அடுத்த குறுவையில் மெஷின் வயலில் இறங்கியதும் லாரிக்கு முன்னால் போய் நின்றேன்.

"ரெண்டு மூட்டை எனக்கு வேணும்."

"எதுக்குண்ணே, வெதைக்கா?" என்றார் டிரைவர்.

"சாப்பிட."

அவர் சிரித்தார். "கடையில கெடைக்காததா? காய வச்சு, மில்லுக்குத் தூக்கி... கூலியே அரிசி வெலைக்கு வந்துடுமே!"

அவர் சொன்னது சரிதான். சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு நகராமல் நின்றேன்.