பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து எங்கள் ஜார்ஜ்டவுன் வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தால், நான் டீ ஆற்றிக் குடித்து முடித்த பிறகுதான் திரை வந்தது. கோயில் கும்பாபிஷேக மலருக்கு நான் தட்டச்சு செய்த கட்டுரைகளெல்லாம் அதற்குள். வேறு பிரதி இல்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கணவருக்கு எதற்கெடுத்தாலும் வைரஸ்தான். "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்திடலாம் லா" என்று இந்த ஊர் 'லா' போட்டுப் பேசியபடி கீபோர்டில் கை வைத்தார்.

"கொஞ்சம் இருங்க! டிஸ்க் போடுற இடத்துலதான் கரகரன்னு சத்தம் வருது" என்று அவர் கையைப் பிடித்தேன்.

டார்ச் அடித்துப் பார்த்தோம். பூஜையன்று அந்த இடத்துக்கு மேலே நான் தாராளமாகப் பொட்டு வைத்த சந்தனம் உள்ளே வழிந்து காய்ந்திருந்தது. திறக்கும்போதெல்லாம் கம்ப்யூட்டர் முதலில் அங்கேதான் டிஸ்க்கைத் தேடித் திணறியிருக்கிறது. சுத்தம் செய்ததும் பழைய வேகம் வந்தது.

இப்போது எல்லாவற்றுக்கும் டிஸ்க்கில் ஒரு பிரதி வைக்கிறேன். ஆயுத பூஜைக்குச் சந்தனம் மேசைக்கு. கம்ப்யூட்டருக்குக் கும்பிடு மட்டும்தான்.