என் விரலுக்கு ஓடிய போன்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடந்ததற்கெல்லாம் போன்தான் காரணம் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு கொல்லிமலையில் எங்கள் வீட்டில் நானும் தங்கச்சியும் மட்டும்தான். அவளைவிட நான் பதினைந்து வயது மூத்தவள். ஏழு பலா மரம், கொஞ்சம் மிளகு, மரவள்ளி போட்ட ஒரு காடு. அதை வைத்து அவளை மலைக்குக் கீழே விடுதியில் விட்டுப் படிக்கவைத்தேன். வெள்ளிக்கிழமைதோறும் விடுதியிலிருந்து என் பட்டன் போனுக்குக் கூப்பிடுவாள். நான் எடுத்தால் நாளைக்கு வந்து கூட்டிப்போகிறேன் என்று அர்த்தம். கட் பண்ணினால், முடியாது. காட்டு வேலைக்கு நடுவில் நின்று பேச நேரம் ஏது? ஆறு வருஷம் இப்படியே ஓடியது, ஒரு தடவைகூடத் தப்பு வந்ததில்லை.

பன்னிரண்டாவது முடித்ததும், கடலோரக் கல்லூரியில் மீன்வளம் படிக்கப்போகிறேன் என்றாள். எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது.

“மலைல பொறந்தவளுக்கு மீன் என்னத்துக்குடி? ஆத்து மீனுக்கே நான்தான் முள்ளெடுத்துத் தரணும் உனக்கு.”

“அதுக்குத்தான் படிக்கறேங்கறேன்.”

“கீழ பி.காம். இடம் கெடச்சிருக்குதல்ல? காலைல பஸ்ஸேறுனா பொழுதோட ஊடு வந்துரலாம்.”

அவள் ஒன்று சொல்ல, நான் ஒன்பது சொல்ல, கடைசியில் போனால் இந்த வாசலை மிதிக்காதே என்று கத்திவிட்டேன். மூன்று நாள் இருவரும் பேசவில்லை. அவள் எனக்குச் சோறு போட்டு வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொள்வாள்.

சான்றிதழ்களைப் படமெடுத்து அனுப்ப நல்ல போன் வேண்டியிருந்தது. அந்தச் சாக்கில்தான் மறுபடி பேச்சு வந்தது. சந்தை நாளில் பேளுக்குறிச்சிக்கு இறங்கினோம். முந்தின நாளே புளி போட்டுத் தேய்த்து, கல்லில் உரசி, தேங்காய் எண்ணெய் தடவிக் கையை வெளுக்கவைத்திருந்தேன். கடைக்காரனுடைய கண்ணாடி மேசைமேல் கறை பிடித்த, காய்த்துப்போன விரலை வைக்க வெட்கமாக இருந்தது.

“ஏனுங்க அக்கா, கேமரா பாருங்க, பேட்டரி பாருங்க” என்று கடைக்காரத் தம்பி வரிசையாக அடுக்கினான்.

“கூப்பிட்டா எடுக்கணும், பேசுனா கேக்கணும். அது போதும் எனக்கு.”

“உன்னைய யாரு கூப்பிடறது? நான் ஒருத்திதான?” என்றாள் தங்கச்சி. அவள் கேலி பேசியதே எனக்குப் பெரிய நிம்மதி.

ஒவ்வொரு போனாக அவனைக் கூப்பிடச்சொல்லி எடுத்துப் பார்த்தேன். ஒன்று கனம். ஒன்றில் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “பச்சையை மேல தள்ளுனா எடுக்குமுங்க, கீழ தள்ளுனா கட்டாயிரும்” என்றான். நான்காவது போனில் விரலை வைத்ததும் பச்சை மேலே ஓடியது. “அக்கா கை பட்டாலே ஓடுது பாருங்க” என்றான். தங்கச்சியும் பார்த்துச் சிரித்தாள். அதையே வாங்கினோம். என் பட்டன் போன் அவளுக்குப் போனது.

வீட்டுக்கு வந்த பிறகு புதுப் போனில் மீன்களாகப் போட்டுக் காட்டினாள். இது வஞ்சிரம், இது சங்கரா, இது பாறை என்று சொல்லிக்கொண்டே போனாள். எனக்கு எல்லாம் ஒரே மீனாகத்தான் தெரிந்தது. அவள் முகம் மட்டும் நான் அதுவரை பார்க்காத முகமாக இருந்தது. இவளைப் பிடித்து வைப்பது பாவம் என்று அப்போதே தோன்றிவிட்டது. ஆனால் கத்தின வாயால் உடனே சரி என்று சொல்ல வரவில்லை. வீம்பு.

அந்த மீன்வளக் கல்லூரிக்குச் சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்து ஆள் சேர்த்தார்கள். விடிந்ததும் பஸ் ஏற்றிவிடப் போனேன்.

“என் முறை வாரதுக்கு முன்னாடி கூப்பிடறேன். நீ சரின்னாத்தான் கையெழுத்துப் போடுவேன்.”

“கூப்பிடு, அப்பச் சொல்றேன்” என்றேன். பஸ் படியில் நின்றவளிடம் அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்று இருப்புக் கொள்ளவில்லை. மதியம் பழம் ஏற்ற வேன் வரும், அதற்குள் பலாப் பழங்களை இறக்க வேண்டும். கையில் எண்ணெய் தடவிக்கொள்ளக்கூட மறந்து அறுக்கத் தொடங்கிவிட்டேன். பால் வழிந்து விரலெல்லாம் பிசினாக ஒட்டிக்கொண்டது. ஒரு பழத்துக்கு ஒரு தடவை போனைப் பார்த்தேன். சிக்னல் இருக்கிறது, சார்ஜ் இருக்கிறது. ஏன் இன்னும் கூப்பிடவில்லை? என்ன சொல்வது என்பதைக்கூட வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். படி கண்ணு, போய்ப் படி.

அடித்தது. பச்சையை மேலே தள்ளினேன். அசையவில்லை. பாவாடையில் துடைத்துவிட்டுத் தள்ளினேன். அடித்து ஓய்ந்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுபடி அடித்தது. புறங்கையால் தேய்த்தேன், எந்தப் பக்கம் தேய்த்தேனோ, கட் ஆகிவிட்டது. மூன்றாவது தடவை மூக்கை வைத்தேன். கோமாளிபோல அந்தக் கண்ணாடியில் மூக்கை வைத்து இழுத்தேன். அதுவும் கட்.

கத்தியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி, மண்ணெண்ணெயில் கழுவி, தேங்காய் எண்ணெய் ஊற்றித் தேய்த்து, நானாகக் கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப். பத்துத் தடவை கூப்பிட்டேன். வேன் வந்து ஆரன் அடித்துவிட்டுப் போய்விட்டது.

பொழுது சாயும் பஸ்ஸில் வந்தாள். அழுத முகம் இல்லை.

“நீ கட் பண்ணுனதும் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன்க்கா. எனக்கு அடுத்து நின்ன புள்ள அந்த எடத்த எடுத்துக்கிச்சு.”

“நான் கட் பண்ணல கண்ணு. வெரல் ஓடல. பலாப் பாலு. படின்னு சொல்லத்தான் காத்துக்கிட்டு இருந்தேன், சத்தியமா.”

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

“நம்பலியா? இப்பவே கூப்பிடு, பாரு.”

பட்டன் போனை எடுத்து என் எதிரில் நின்றே கூப்பிட்டாள். நான் பச்சையில் விரலை வைத்தேன். எண்ணெய் போட்டுத் தேய்த்த விரல். முதல் தள்ளலிலேயே எடுத்துக்கொண்டது. இரண்டு பேரும் காதில் போனை வைத்தபடி ஒருவரையொருவர் பார்த்து நின்றோம்.

“நல்லாத்தான் ஓடுதுக்கா” என்றாள். கால் கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் கையில் பாலைப் பூசிக்கொண்டு நிரூபிக்கலாமா என்றுகூட யோசித்தேன். செய்திருந்தால் பைத்தியக்காரத்தனமாக இருந்திருக்கும். போன இடம் வரவும் வராது.

இப்போது பி.காம். இரண்டாம் வருஷம். நன்றாகப் படிக்கிறாள். மீன் என்று வாயைத் திறப்பதில்லை. முன்பெல்லாம் என்னோடு சரிக்குச் சரி நின்றவள், இன்றைக்கு எதைச் சொன்னாலும் “சரிக்கா” என்கிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளை ஓங்கி அறையலாம்போலவும் இருக்கிறது, காலில் விழலாம்போலவும் இருக்கிறது.

போன வாரம், “ரெண்டு நாள் கடலுக்குப் போய்ட்டு வரலாமா கண்ணு?” என்று கேட்டேன்.

“உனக்கு வேலை கெடுமேக்கா” என்றாள்.