பென்சிலில் குறித்த அழுத்தங்கள்

என் தங்கை இருபத்திரண்டு ஆண்டுகள் பல்கலைக்கழக மொழியியல் துறையில் அட்டை எழுதினாள். அங்கே அவளுக்குப் பெயரே அட்டையம்மா. நான் லேத் பட்டறைக்காரன், படிப்பு எட்டாவதோடு சரி. ஆனாலும் அவள் வேலையைப் பிசகில்லாமல் என்னால் சொல்ல முடியும்.

லிதுவேனிய மொழியிலும் ரஷ்யன் போன்ற ஸ்லாவிய மொழிகளிலும் ஒருமை பன்மையாகும்போது விகுதி மாறும். சில சொற்களில் குரல் அழுத்தும் இடமும் மாறும். இந்த இரண்டும் காலங்காலமாக எப்படி நகர்ந்து வந்தன என்பதைச் சொல்லுக்கு ஓர் அட்டையாகத் தொகுத்தாள். மொத்தம் பதினோராயிரத்து நாற்பது.

"தலைங்கிற சொல்லைப் பாருண்ணா. லிதுவேனியன்லயும் சரி, ரஷ்யன்லயும் சரி, ஒத்தைத் தலைன்னா அழுத்தம் கடைசியில. பல தலைன்னா முன்னாடி ஓடி வந்துடும். ஒரே வயித்துல பொறந்த பழக்கம்."

"நம்ம வீட்லயும் அதே கதைதான். எத்தனை தலை இருந்தாலும் அழுத்தம் மூத்தவன் மேல."

"ஐயோ, ரொம்பத்தான் நொந்துபோயிட்டே!"

விகுதிகள் பழைய நூல்களில் இருந்தன. அவற்றை மையில் எழுதினாள். அழுத்தங்களை முதியவர்கள் பேசிய ஒலிநாடாக்களைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் குறிக்க வேண்டும். அதைப் பென்சிலில் குறிக்கச் சொன்னவன் நான். கடைசி அளவு பார்க்கும்வரை பட்டறையில் பென்சில் கோடுதான். "முடிவாகாததை மையில எழுதாதேம்மா" என்றேன். அழுத்தங்களைப் பற்றித் தன் பெயரில் ஒரு நூல் வர வேண்டும் என்பதைத் தவிர அவள் எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

கண் அறுவைச் சிகிச்சைக்காக அவள் விடுப்பில் இருந்த மாதம், துறைத்தலைவர் அட்டைகளை ஸ்கேன் செய்ய வைத்தார். பென்சில் குறி ஒன்றுகூடப் படத்தில் விழவில்லை. யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அட்டைகள் பழைய பேப்பர்காரனுக்குப் போயின. நாடாக்களோ பூஞ்சை பிடித்து எப்போதோ குப்பைக்குப் போனவை.

"விகுதியெல்லாம் பத்திரமா இருக்கேம்மா, அப்புறமென்ன?" என்றார் தலைவர்.

மறு ஆண்டு அவர் பெயரில் விகுதிகளின் வரலாறு நூலாக வந்தது. நன்றியுரையில் என் தங்கைக்குக் கிடைத்தது 'அட்டைப் பராமரிப்பு' என்ற இரண்டு சொற்கள். வெளியீட்டுக்கு அவளோடு நானும் போனேன். கூட்டத்தில் ஒருவர் எழுந்து அழுத்தங்களைப் பற்றிக் கேட்டார்.

"அதுக்கு நம்பகமான தரவு எதுவும் கிடைக்கலைங்க" என்றார் தலைவர்.

நான் எழுந்துவிட்டேன்.

"இருந்துச்சுங்க. பதினோராயிரத்து நாப்பது அட்டையிலயும் இருந்துச்சு."

"நீங்க எந்தத் துறை?"

"லேத்து."

அரங்கு சிரித்தது. தங்கை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உட்காருண்ணா. அவருக்கும் தெரியும்."