கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்த ஏசி

கார் ஏசி பார்க்கிற தொழிலில் பயப்படுகிறவன்தான் வீடு திரும்புவான். பாறசாலையில் கடை போட்டிருக்கிற எனக்கு அது தெரியும். தெரிந்தும் ஒரு மத்தியானம், குளத்தூர் சேவியரின் காருக்குள் மறந்துபோனேன். அவன் பிள்ளைகள் அன்று சாயங்காலமே அதில் ஏற இருந்தார்கள். ஏசி போட்டும் வேர்த்துக் கொட்டுகிற என் இனமே, முதலில் என் பயம் வளர்ந்த கதையைக் கேளுங்கள்.

தானே சுற்றிய ஃபேன்

வண்டி ஆஃப். சாவி என் பாக்கெட்டில். ரேடியேட்டர் பக்கம் கையை விட்டேன், ஃபேன் தானாகச் சுற்றிவிட்டது. இஞ்சின் சூடாக இருந்தால் சில வண்டியில் அப்படித்தான். சட்டைக் கையோடு போனது, விரல் தப்பியது. பக்கத்துக் கடை வெல்டர் சுகு வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான்.

"எலே, அஞ்சும் உண்டு. இனி பேட்டரி வயரக் கழத்திட்டு கைய விடு."

நெஞ்சுக்கு நேரே

ஆரியங்கோட்டு ரிட்டயர்ட் வாத்தியார் ஒருவரின் காரில் ஏசி போட்டால் அனல் வந்தது. இரண்டு இடத்தில் காஸ் நிரப்பியும் பலனில்லை. பார்த்தால், காற்றைத் திருப்பிவிடுகிற ஹீட்டர் கதவு சூட்டுப் பக்கமே சிக்கிக் கிடக்கிறது. டாஷ்போர்டைக் கழற்ற வேண்டும், அதற்குள்ளே ஏர்பேக் வயர் ஓடுகிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்தேன். ஏன் சும்மா இருக்கிறாய் என்றார் வாத்தியார். அவசரப்பட்டால் ஏர்பேக் என் முகத்தில் வெடிக்கும் சாரே என்றேன். மனுஷன் பின்பக்கமாகவே நடந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்.

"எடே, அப்போ இத்தன நாளும் வெடியையா நெஞ்சுக்கு நேரே வச்சு ஓட்டினேன்?"

நல்ல குளிர்

சேவியர் கடலுக்குப் போகிறவன். பழைய கார் ஒன்று வாங்கியிருந்தான். ஏசி போட்டால் தலை கனக்கிறது, பிள்ளைகள் வாந்தி எடுக்கிறார்கள் என்று கொண்டுவந்தான். சாயங்காலம் குடும்பத்தோடு வேளாங்கண்ணிப் பயணம். நான் கண்ணாடியை ஏற்றி, இஞ்சினை ஓடவிட்டு, உள்ளே உட்கார்ந்து குளிரை அளந்தேன். நல்ல குளிர். கொஞ்சம் கண்ணை மூடலாம் போலிருந்தது. அவன் பெண்டாட்டி ஷீபா கதவைத் திறந்து, "அண்ணா, உறங்குதியளா?" என்று உலுக்கியபோது என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. வெளியே விழுந்து வாந்தி எடுத்தேன்.

பிறகு வண்டியைத் தூக்கிப் பார்த்தேன். உப்புக்காற்று சைலன்சர் குழாயையும் காரின் தரையையும் தின்றிருந்தது. விஷப்புகை நேரே உள்ளே போகிறது. டீ குடித்துவிட்டு வந்த சேவியர் கையை நீட்டினான்.

"சாவியத் தாங்கண்ணே, ஏசி போட்டாத்தான் பிள்ளைங்க நல்லா உறங்கும்."

சாவியைக் கொடுக்கவில்லை; காரணம் சொல்லியும் குடும்பத்தில் நாலு பேரும் என்னைத் திட்டிக்கொண்டே பஸ்ஸில் வேர்த்து ஒழுகப் போனார்கள், அவ்வளவு நல்ல திட்டு இந்தத் தொழிலில் எனக்கு வேறு கிடைத்ததில்லை.